வியாழக்கிழமை ராணி

ரொறன்ரோவின் பார்க்டேலில், குயின் வீதியிலிருந்து தெற்கே இறங்கும் ஒரு சின்னத் தெருவில், பழைய தேவாலயம் ஒன்றின் நிலவறையில், வியாழக்கிழமை தோறும் கால் கழுவுகிறார்கள். யாருடைய கால் என்றால் வீடு வாசல் இல்லாதவர்களுடைய கால். கழுவுகிறவள் புனிதவதி. வயது அறுபத்து மூன்று. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. முழங்கால் இரண்டிலும் வாதம். வாய்க்கு மட்டும் ஒரு வாதமும் கிடையாது, அது பாட்டுக்கு ஓடும்.

வடமராட்சியில் பிறந்து, எண்பத்தெட்டாம் ஆண்டு கையில் ஒரு சூட்கேசும் வயிற்றில் ஒரு பிள்ளையுமாக இங்கே வந்து இறங்கியவள். அன்றைக்கு ஏறிய பதினோராம் மாடியில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். கூட இருந்த சனமெல்லாம் ஸ்காபரோவுக்குப் போய், அங்கிருந்து மார்க்கம் நகருக்குப் போய், இப்போது ஸ்ரௌவ்வில்லில் நாலு அறை வீடும் வாசலில் இரண்டு காருமாக இருக்கிறது. இவள் அசையவில்லை. ஹோட்டல் ஒன்றின் லோண்டரியில் இருபத்து நாலு வருடம் துவாய் மடித்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தார். மகன் பிரியந்தன் படித்தான், கலியாணம் கட்டினான், அவனும் ஸ்ரௌவ்வில்லுக்குப் போனான். வேலையிலிருந்து ஓய்வு எடுத்தபோது அவளுக்குக் கைவந்த ஒரே வித்தை துவாய் மடிப்பதுதான். துவாய் மடிக்க ஆள் தேவை என்று தேவாலயக் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே போனாள். எட்டு வருடமாகிறது, இன்னும் வெளியே வரவில்லை.

பிரியந்தனுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "அம்மா, உங்களுக்கு என்ன தலையெழுத்தே, கண்டவன் நிண்டவன்ரை ஊத்தைக் காலைக் கழுவ? பேசாமல் இஞ்சை வந்து பேரப்பிள்ளையளோடை இருங்கோவன்" என்பான்.

"கால் எண்டால் எல்லாருக்கும் ஒரே கால்தான் தம்பி. எனக்கு ஆற்றை காலும் ஒண்டுதான்" என்று இவள் மார்தட்டுவாள்.

அவள் அதை மனமார நம்பித்தான் சொன்னாள். பாவம், அவளை அதற்குள் குற்றம் சொல்லாதீர்கள். மனிதர் தங்களைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகளில் பாதி, சோதனை வரும்வரை உண்மைதான்.

அந்த நிலவறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் சன்னல்கள் தெருமட்டத்தில் இருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே போகிற ஆட்களின் முகம் தெரியாது, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். மாரி காலத்தில் பனி விழ விழ, கால்கள் மட்டும் வந்து, நின்று, போகும். உள்ளே வெந்நீரின் ஆவி எழும்பிக் கண்ணாடியில் படியும். சவர்க்கார வாசம், தேத்தண்ணி வாசம், ஈரக் கம்பளி வாசம் எல்லாம் கலந்து, மத்தியானம் இரண்டு மணிக்கே கண் சொருகும். அந்த ஆவிக்குள் இருந்து பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒரு ராணி நிற்பாள்.

முன்பு இந்தப் பக்கத்தில் நிறைந்திருந்த போலந்துக்காரர்கள் விட்டுப்போன படம் அது. தலையில் மணிமுடி, உடம்பில் அரச அங்கி, கீழே வெள்ளைப் பனி. ஆனால் வெறுங்கால். சப்பாத்து இரண்டும் கையில் இருக்கிறது.

முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்ததும் புனிதவதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஆரோ ஏழையின்ரை வீட்டு வாசலிலை நிக்கிறா போலை. உள்ளுக்குப் போறதுக்குச் செருப்பைக் கழட்டிப்போட்டா. நல்ல வளர்ப்பு" என்றாள்.

அதைக் கேட்டு றோஸ்மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். றோஸ்மேரி அங்கே கால் பார்க்கும் நேர்ஸ். குருநகரில் பிறந்து, பத்து வயதில் இங்கே வந்தவள். புனிதவதி கழுவித் துடைத்துக் கொடுக்கும் கால்களை அவள்தான் பார்த்து மருந்து கட்டுவாள். அந்தப் படத்தில் நின்ற ஹெட்விக் ராணியின் கதையை அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. துவாய் மடித்தபடி, நகம் வெட்டியபடி, வாரத்துக்குக் கொஞ்சமாகச் சொன்னாள்.

எண்ணூறு வருடத்துக்கு முந்திய கதை. பன்னிரண்டு வயதில் வேற்று நாட்டுக்குக் கலியாணம் கட்டி அனுப்பப்பட்ட பெண். பாஷை தெரியாது, ஆள் தெரியாது. எல்லாம் படித்துக்கொண்டாள். அவள் எங்கே போனாலும் பதின்மூன்று நோயாளிகள், ஏழைகள், கூடவே போவார்கள். முழங்காலில் நின்று அவர்களுக்குப் பரிமாறி, அவர்கள் உண்ட பிறகுதான் தன் பந்திக்குப் போவாள். குஷ்டரோகிகளின் காலைக் கழுவுவாள். ஏழைகளுக்குச் சப்பாத்து இல்லையே என்று தானும் பனியில் வெறுங்காலோடு நடந்தாள். நடந்த வழியில் இரத்தம் படிந்தது. அரசருக்குப் பொறுக்கவில்லை. குருவானவரைப் பிடித்து, "நீங்களாவது சொல்லுங்கள்" என்றார். குருவும் புதுச் சப்பாத்து ஒரு சோடி கொடுத்து, "இது இல்லாமல் இனி வெளியே போகக்கூடாது" என்றார். ராணி தலையாட்டினாள். பிறகு அவர் பார்த்தபோது சப்பாத்து புத்தம் புதிதாக அவள் கைக்குள் இருந்தது. இல்லாமல் போகக்கூடாது என்றுதானே சொன்னார்? அவள் கொண்டுதான் போனாள்.

"கெட்டிக்காரி!" என்று புனிதவதி கைதட்டினாள். "உவ எங்கடை ஆள்தான்!"

அந்த ராணி மெல்ல மெல்ல அவளோடு வீட்டுக்கும் வரத் தொடங்கினாள். கனவு என்றும் சொல்ல முடியாது, நினைவு என்றும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை பின்னேரம் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் சன்னலோரம் இருந்து கண்ணை அரைவாசி மூடினால் போதும், குயின் வீதி நடைபாதையில் அவள் நடந்து வருவாள். ரோட்டிக் கடையைத் தாண்டுவாள், நகை அடைவு பிடிக்கும் கடையைத் தாண்டுவாள். மணிமுடியில் பனி படிந்திருக்கும், கையில் சப்பாத்து இருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சில நாள் ஸ்ரீற்காரில் ஏறி முன் சீற்றில் இருப்பாள். புனிதவதி வாயைத் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு பேருமாக மேற்கே போவார்கள். வெளியே உப்பும் பனியும் கரைந்த தண்ணீர் தெருவெல்லாம் ஓடும். அவளுடைய நல்ல நேரம் என்றால் அதுதான்.

போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை, றோஸ்மேரி ஒரு ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். கறுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சால்வை, நரைத்த தாடி. இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். பெயர் இரத்தினவேல். முப்பது வருடம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியவர். இருந்த அறை வீட்டை யாரோ வாங்கி, திருத்தப்போகிறோம் என்று எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு இராத்தங்கல் விடுதி, பகலில் ஸ்ரீற்கார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பினால் மூன்று மணித்தியாலம் சூடாக இருக்கலாம்.

எட்டு வருடத்தில் அந்தக் கதிரைக்கு வந்த முதல் தமிழ் ஆள். புனிதவதிக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. கையுறையை மாட்டி, வெந்நீரை அளந்து ஊற்றி, முன்னால் குந்தினாள். அவரும் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

"ஊரிலை எந்தப் பக்கம்?"

"வடமராட்சி."

"அட, நானும் அங்கைதான்! எவடம்?"

அங்கேதான் பிழை வந்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் துருவப் பனியில் சந்தித்தாலும் இந்த 'எவடம்', எந்த இடம் என்ற கேள்வி, வந்துவிடும். கேட்கிறவருக்கு அது பாசம். பதில் சொல்கிறவருக்கு எப்போதும் அப்படியில்லை.

அவர் ஊரைச் சொன்னார். ஒரு கணம் பொறுத்து, "கோயிலுக்கு மேற்காலை, பனங்கூடல் ஒழுங்கை" என்றார்.

சப்பாத்தைப் பிடிக்க நீண்டிருந்த புனிதவதியின் கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம்? மூச்சு எடுத்து விடுகிற நேரம் இருக்காது. பிறகு கை மறுபடி போனது. முகத்திலும் சிரிப்பு இருந்தது. அறையில் இருந்த இருபது பேரில் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் அப்படி நிற்கும் கைகளைப் பிறந்த நாள் முதலாகப் பார்த்த மனிதர் அவர்.

அவிழ்த்த நாடாவை அவர் திரும்பக் கட்டினார். ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு.

"இண்டைக்கு வேண்டாம் நாச்சியார்" என்றார். "தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போறன்."

நாச்சியார்! சாதி சொல்லி ஊர் ஒதுக்கிவைத்த அந்த ஒழுங்கைச் சனம் இவளுடைய வீட்டுப் பெண்களைக் கூப்பிடும் சொல் அது. நரைத்த கிழவனும் கூட, மூக்கு ஒழுகும் சிறுமியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். ரொறன்ரோவில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதை ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. ராணி என்பது போலத்தான் அதற்கும் பொருள். அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

அவர் போன பிறகு, "நான் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை" என்றாள் றோஸ்மேரியிடம்.

"ஓம் அன்ரி. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் றோஸ்மேரி. அவள் துவாயைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்த வியாழன் இரத்தினவேல் உள்ளே வரவில்லை. படிக்கட்டின் மேலே தெருவில் நின்று, யாரோ கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். சன்னலுக்குள்ளால் புனிதவதிக்கு அவருடைய சப்பாத்து இரண்டும் தெரிந்தன. இடதுபக்கத்து இரட்டை முடிச்சும் தெரிந்தது. அவை நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றன, பிறகு நொண்டி நொண்டிப் போயின.

றோஸ்மேரி வெளியே போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு வந்தாள். "நான் கழுவுறன் எண்டும் சொல்லிப் பாத்தன் அன்ரி. 'உங்களுக்கேன் கரைச்சல் தங்கச்சி, கால் எனக்குப் பழகிப்போச்சு' எண்டுறார். ஆஸ்பத்திரி எண்டால் முகத்தைத் திருப்புறார். அது குளிர் பட்ட கால். அழுகல் மணக்குது. இன்னும் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். பிறகு பாதத்தை எடுக்கத்தான் வேணும்."

"இப்ப பாத்தால் தப்புமோ?"

"உணர்ச்சி இருக்கோ எண்டு பாக்கவேணும். சூடு தெரிஞ்சால் பாதம் தப்பும். தெரியாட்டி ஒண்டும் செய்யேலாது."

அந்தக் கிழமை முழுக்கப் புனிதவதிக்குச் சோறு இறங்கவில்லை. என்ன மனுசி நான் என்று தன்னையே திட்டினாள். திட்டினால் போதுமா? ஒரு மனிதரின் கால் போகப்போகிறது. அவள் கை ஒரு மூச்சு நேரம் நின்றதற்கு அவர் கால் போகப்போகிறது.

மறந்தே போனோம் என்று நினைத்த ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. பத்து வயது. வீட்டுப் பின்வளவு. வேலி அடைத்த களைப்பில் ஒரு கிழவர் இரண்டு கையையும் சேர்த்து வாயடியில் ஏந்திக்கொண்டு குனிந்து நிற்கிறார். இவள் செம்பை உயரப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறாள். செம்பு அவர் கையில் படக்கூடாது. தண்ணீர் அவருடைய முழங்கை வழியாக ஓடி மண்ணில் விழுகிறது. "காணும் நாச்சியார், போதும்" என்கிறார். இவள் இன்னும் ஊற்றுகிறாள். விளையாட்டு! அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில் பதினோராம் மாடிக் குசினி அடுப்படியில் நின்று அதை நினைத்து அவள் வாய்விட்டு அழுதாள்.

ஸ்ரீற்காரில் ராணி வந்தாள். வழக்கம்போல முன் சீற்றில் இருந்தாள். அன்றைக்குத்தான் புனிதவதி அவளைச் சரியாகப் பார்த்தாள். இந்த ராணி யாரென்று அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும், எந்த உயரத்திலிருந்து இறங்கி வருகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தவர்களுக்கு முன்னால்தான் இவள் குனிந்தாள். நானோ? எட்டு வருடமாக நான் குனிந்த ஒருவருக்கும் நான் யாரென்று தெரியாது. அவர்களுக்கு முன்னால் குனிவதில் எனக்கு என்ன குறைந்தது? ஒன்றுமில்லை. ஒரு காலும் எனக்குப் பாரமாக இருக்கவில்லை. ராணி அடுத்த சந்தியில் இறங்கிப் போனாள். பனி அவளை மூடியது.

மூன்றாவது வியாழன் குளிர் சைபருக்குக் கீழே இருபத்து நாலு. வெளியே நிற்க ஒருவரையும் விடக்கூடாது என்று தேவாலயத்தில் சொல்லிவிட்டார்கள். இரத்தினவேல் வேறு வழியில்லாமல் படி இறங்கி வந்து, கடைசிப் படிக்கு மேற்படியில், கதவோரமாக, கடதாசிக் கோப்பையோடு இருந்தார். அதற்கு மேல் ஒரு அடி உள்ளே வரவில்லை.

புனிதவதி கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கதிரைகளைத் தாண்டி, ஆவியைத் தாண்டி, வாதக் கால்களை மடக்கி, அவருக்குக் கீழ்ப் படியில் இருந்தாள்.

"இரத்தினவேல் அண்ணை."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "எழும்புங்கோ நாச்சியார். சனம் பாக்குது."

"நாச்சியார் எண்டாதேங்கோ. என்ரை பேர் புனிதவதி. எல்லாரும் புனிதம் எண்டுறது. நான் உங்கடை காலுக்கு வரேல்லை அண்ணை. தாகமாக் கிடக்கு. உந்தத் தேத்தண்ணியிலை ஒரு மிடறு தாங்கோ."

"அங்கை நிறையக் கிடக்கு."

"எனக்கு உதுதான் வேணும்."

"நான் வாய் வைச்சது."

"கண்டனான்."

அவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஸ்ரீற்கார் ஒன்று மேலே தெருவில் போக, சன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்து அடங்கியது. கோப்பையை நீட்டினார். அவள் அவர் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள். ஆறிப்போன தேத்தண்ணி, சீனி அள்ளிக் கொட்டியிருந்தது. பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு மிடறு தேத்தண்ணியோடை எல்லாம் சரியாப்போமோ?" என்றார் இரத்தினவேல். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும்.

"போகாது" என்றாள். "அண்டைக்கு என்ரை கை நிண்டது. நீங்கள் கண்டனீங்கள். நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்."

"என்ரை அப்பா செத்த அண்டும் உங்கடை ஆக்களின்ரை வளவிலை கையேந்தித்தான் தண்ணி குடிச்சவர்."

"ஊத்தின ஆக்களிலை நானும் ஒருத்தி அண்ணை. சின்னப் பிள்ளைதான். எண்டாலும் ஊத்தினனான்." அவள் அவருடைய சப்பாத்து முடிச்சைப் பார்த்தாள். "அதை என்னாலை இனிக் கழுவேலாது. காலைத்தான் கழுவலாம். என்னிலை கோவம் எண்டால் வைச்சிருங்கோ, சாகும்வரைக்கும் வைச்சிருங்கோ. அதுக்காகக் காலை விடாதேங்கோ."

அவர் கோப்பைக்குள் மிச்சம் இருந்ததை உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு, யோசித்து யோசித்து, அதைக் குடித்தார்.

"உமக்கு எத்தினை வயது?"

"அறுபத்து மூண்டு."

"எனக்கு அறுபத்தாறு."

"அப்ப அண்ணைதானே."

அவர் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். விரல் விறைத்திருந்தது, நாடா இழுபடவில்லை. புனிதவதி அந்தப் படியிலேயே இருந்து நகத்தால் கிளறி ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இந்த முறை கை நிற்கவில்லை.

கதிரைக்குக் கூட்டிவந்தார்கள். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. நனைத்து நனைத்துத்தான் உரிக்க வேண்டியிருந்தது. சின்ன விரலும் அதற்கடுத்ததும் கறுத்துப்போயிருந்தன. றோஸ்மேரி பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். "ரெண்டு விரலும் போகும். பாதத்தை இனித்தான் பாக்கவேணும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

புனிதவதி வெதுவெதுப்பான தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே வைத்தாள். ஒரு கட்டையைத் தண்ணீரில் வைத்தது போல அது கிடந்தது. "தெரியுதோ அண்ணை?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை. இன்னும் ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றினாள். ஆவி எழும்பி மூன்று பேருக்கும் நடுவில் நின்றது. றோஸ்மேரி மணிக்கூட்டைப் பார்த்தாள். மறுபடி, "தெரியுதோ?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே பனி சன்னலின் பாதிவரை ஏறியிருந்தது. புனிதவதி அந்தப் பாதத்தை விடவில்லை. கடவுளே, கடவுளே என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எந்தக் கடவுள் என்று அவளுக்கே தெரியாது.

எவ்வளவு நேரம் போனதோ. அவருடைய புருவம் சுருங்கியது. பல்லைக் கடித்தார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, சொந்தத் தங்கச்சியை ஏசுவது போல ஏசினார்.

"என்ன தண்ணி இது, சுடுகுது புனிதம்! கொஞ்சம் பச்சைத்தண்ணி விடு!"

றோஸ்மேரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். புனிதவதி, வாதக் கால் இரண்டையும் மறந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.